ஏரியில் 58 டிகிரி கிடையாது

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது 1613-இல். தலைமையிடத்தை 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் இதுதான் அவர்களுடைய தலைநகர். அவர்கள் இங்கே மீனுக்காக வரவில்லை, துணிக்காக வந்தார்கள். கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த தீவுகளில் இந்தக் கரையின் துணிக்குத்தான் மதிப்பு. அதைக் கொடுத்துத்தான் வாசனைப் பொருட்களை வாங்க முடிந்தது. பழவேற்காட்டுக் கட்டம்போட்ட கைக்குட்டை ஐரோப்பாவில் ஊர்ப் பெயராலேயே விற்றது. பிற்பாடு ஸ்காட்லாந்து நெசவாளர்களும் அதே மாதிரி நெய்து அதே பெயரில் விற்றார்கள்.

அந்தத் துணியின் சாயத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கஞ்சியைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் அச்சில் உரசி இழை இழையாக அறும். சோற்றுக் கஞ்சி நூலைச் சுற்றி மெல்லிய உறையாகப் படிந்து, நெய்து முடிக்கும்வரை காப்பாற்றும். துணியை அலசினால் தண்ணீரோடு போய்விடும். தேவைப்படும் காலம்வரை தாங்கி, அதன் பிறகு தடமில்லாமல் போகிற பொருள். இன்று உலகத்து ஆய்வகங்கள் ஸ்டார்ச் பிளாஸ்டிக்கிடம் எதிர்பார்க்கிற குணம் அதுதான். நம் நெசவாளருக்கு அது சமையலறையிலிருந்தே கிடைத்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கஞ்சியை எப்போது, எதில் போக்க வேண்டும் என்பது நெசவாளருக்கும் சலவைக்காரருக்கும் முன்கூட்டியே தெரியும். இன்றைய ஸ்டார்ச் பைக்கு அப்படி ஒருவர் இல்லை.

அதே பழவேற்காட்டின் ஏரிக்கரையில் இருக்கிறது தோணிரேவு. பொன்னேரி வட்டத்து மீனவ ஊர். பெண்கள் பனையோலைப் பின்னலுக்குப் பேர்போனவர்கள். குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயம் ஏற்றி, கூடையும் பெட்டியுமாகப் பின்னி விற்கிறார்கள். ஏரியில் இறால் தடவும் பெண்கள் வைத்திருக்கும் ஓலைப் பறியும் இதே கைவேலைக்கு உறவுதான். ஆழமில்லாத தண்ணீரில் உடம்பைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போடுவார்கள். இரண்டு கையும் தடவுவதற்கு வேண்டும். ஆகவே பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். மணிக்கணக்கில் அப்படியே. நனைந்து காய்ந்து நனைந்து பறி ஒருநாள் இற்றுப்போகும். இற்றதை ஏரியிலேயே விட்டாலும் ஏரிக்கு நஷ்டமில்லை.

அந்த இறால் கரையேறி விற்பனைக்கு வந்தவுடன் ஏறுவது கேரி பேக்கில். அந்தப் பை திரும்பவும் ஏரிக்குத்தான் வருகிறது. இங்கே சேரும் பிளாஸ்டிக் அத்தனையும் இங்கே வாங்கியதும் இல்லை. ஆரணியாறு கொண்டுவருவது உண்டு, பக்கிங்காம் கால்வாய் வழியாக வருவது உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நீர்வரத்து குறைந்ததும் முகத்துவாரம் மணல்மேடிட்டுத் தூர்ந்துபோகிறது. கடலோடு தொடர்பு அறுந்தால் உள்ளே வந்த குப்பைக்கு வெளியேற வழியில்லை. சில்கா ஏரிக்கு அடுத்து நாட்டின் பெரிய உப்பங்கழி இது. பரப்பில் பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் இருக்கிறது. ஆழமோ ஆளிறங்கி இறால் தடவுகிற அளவு.

மக்காத பொருளை இந்த ஊர்களுக்குப் பிடித்துப்போனதற்கு நியாயமான காரணம் இருந்தது, அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசக் கூடாது. பருத்தி வலையும் சணல் வலையும் இருந்த காலத்தில் மீன் பிடிப்பது பாதி வேலை; வலை மக்காமல் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. கரைக்கு வந்ததும் வலையை உலர்த்த வேண்டும். குறித்த இடைவெளியில் மரப்பட்டைத் துவரைக் காய்ச்சி அதில் தோய்க்க வேண்டும். அப்படியும் நூல் இற்றுப்போகும். 1950களின் கடைசியிலிருந்து நைலான் மெல்ல வந்தது. அது இற்றுப்போகவில்லை, உலர்த்தச் சொல்லவில்லை, பாரமும் குறைவு. பிறகு வந்த தங்கூசி வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. மக்காமை அன்றைக்கு ஒரு விடுதலை. மீனவர்களைப் பார்த்து இயற்கையோடு ஒட்டி வாழுங்கள் என்று உபதேசிக்கிறவர்கள் ஒரு வாரம் பருத்தி வலைக்குத் துவர் காய்ச்சிப் பார்க்கலாம்.

இப்போது ஸ்டார்ச்சுக்கு வருவோம். ஜவ்வரிசி வடாம் போட்டவர்களுக்கு இந்த வேதியியல் பாதி தெரியும். வெள்ளை மணிகளைத் தண்ணீரில் கொதிக்க விட்டால் கண்ணாடி மாதிரி தெளிந்து கூழாகிறது. துணியில் ஊற்றி வெயிலில் வைத்தால் தகடாகப் பிரிந்து வருகிறது. ஆய்வகத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. ஸ்டார்ச் துகளுக்குள் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகைச் சங்கிலி மூலக்கூறுகள் இறுகிக் கிடக்கின்றன. தண்ணீரும் சூடும் அந்த இறுக்கத்தைக் குலைக்கின்றன. உலர்ந்த தகடு படாரென்று ஒடிவதால் கிளிசரால் சேர்த்து இளக்குகிறார்கள். வெறும் அடுப்புச் சூடு போதாதென்று எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் திருகி அழுத்தி உருக்குகிறார்கள். கிடைப்பது பிளாஸ்டிக் போல வார்க்கக்கூடிய ஸ்டார்ச். அதன் இரண்டு குறைகளும் வடாம் டப்பாவைத் திறந்தவர்களுக்குத் தெரிந்தவைதான்: ஈரக்காற்று பட்டால் நமுத்துப்போகும், நாளானால் மறுபடி இறுகி நொறுங்கும். அதனால்தான் ஸ்டார்ச்சைத் தனியாக விடாமல் வேறு எதோடாவது கலக்க வேண்டியிருக்கிறது. எதோடு கலக்கிறார்கள் என்பதில்தான் நாற்பது ஐம்பது ஆண்டுச் சண்டை முழுவதும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் சொந்த வேர் இருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு மீன் வியாபாரி என்பது தோணிரேவுக்காரர்களுக்கு ரசிக்கத் தக்க செய்தி. சேலம் மாணிக்கம் செட்டியார் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்தவர். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு மாவு வரத்து நின்றபோது, அமெரிக்க மக்காச்சோள மாவுக்கு மரவள்ளி மாவு மாற்றாகும் என்று அங்கே கண்டுகொண்டார். பினாங்கிலிருந்து சேலத்துக்கு வந்து சேர்ந்திருந்த பொப்பட்லால் ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் நுட்பம் தெரியும். இருவரும் கைகோத்தது 1943-இல். கிழங்கை அரைத்து, பாலைப் பிழிந்து வடிகட்டி, படிந்த மாவை உருட்டி வறுக்கும் குடிசைத் தொழிலாகத்தான் ஆரம்பித்தது. பின்னாளில் சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரமே மரவள்ளியை நம்பி நிற்கத் தொடங்கியது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு பிறந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிழங்கு விலை சரியும்போதெல்லாம், உணவைத் தவிர இந்த மாவுக்கு வேறு வேலை இல்லையா என்ற கேள்வி எழுகிறது. மக்கும் பிளாஸ்டிக் என்ற பதில் அங்கே இனிப்பாகக் கேட்பது அதனால்தான். 1963-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி ஸ்டார்ச்சைப் பாலிஎத்திலீனோடு கலந்து படலம் செய்யும் முறையை உருவாக்கியதும் இந்தப் பின்னணியில்தான்.

ஆனால் பாலிஎத்திலீனோடு கலப்பது உலகம் ஏற்கெனவே சறுக்கிய இடம். 1970களில் இங்கிலாந்தில் ஜெரால்டு கிரிஃபின் ஸ்டார்ச் துகள்களைப் பாலிஎத்திலீனுக்குள் நிரப்பிப் பை செய்து காட்டினார். நுண்ணுயிர் ஸ்டார்ச்சைத் தின்றுவிடும், மீதிப் பை ஓட்டை ஓட்டையாகி உதிரும் என்பது கணக்கு. உதிர்ந்தது உண்மை. உதிர்ந்த பாலிஎத்திலீன் தூள் பாலிஎத்திலீனாகவே கிடந்தது. அமெரிக்காவில் மோபில் நிறுவனம் தன் ஹெஃப்டி குப்பைப் பைகளை மக்கும் பை என்று விளம்பரப்படுத்தி விற்றது. 1990-இல் ஏழு மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள் அதை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். அந்த அவமானத்தால் ‘மக்கும்’ என்ற முத்திரையின் மீதே நம்பிக்கை குறைந்தது. கண்ணுக்குத் தெரிந்த குப்பையைக் கண்ணுக்குத் தெரியாத குப்பையாக்குவது சுத்தம் ஆகாது. ஏரியில் அது இன்னும் மோசம். முழுப் பையை ஒருவர் குனிந்து எடுத்துவிடலாம். சேற்றில் கலந்த தூளை எடுக்கிற வாய் இறாலுக்கும் மடவைக்கும்தான் உண்டு.

அடுத்த தலைமுறை நேர்மையானது. இத்தாலியில் நோவாமோன்ட் நிறுவனம் காட்டியா பாஸ்டியோலியின் தலைமையில் ஸ்டார்ச்சை மக்கக்கூடிய பாலியெஸ்டர்களோடு கலந்து மேட்டர்-பி என்ற பெயரில் விற்றது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் 1998-இல் பிபிஏடி என்ற பாலியெஸ்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கடைகளில் சோள மாவுப் பை, மரவள்ளிப் பை என்று கிடைக்கிற பலவற்றின் முதுகெலும்பு இந்த பிபிஏடிதான். அது பிறந்தது பெட்ரோலியத்தில், ஆனால் மக்கும். தாவரத்தில் பிறந்ததா என்பதும் மக்குமா என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதை இந்த ஒரு பொருளே போதுமான அளவு காட்டிவிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம் உருவாக்கிய மக்கும் பைகள் 2021 ஆகஸ்டில் திருமலையில் விற்பனைக்கு வந்தன. லட்டு வாங்குகிறவர்களுக்காக வந்த பைகள் அவை. பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும் இன்று திருமலை இருக்கும் அதே திருப்பதி மாவட்டத்தில்தான் வருகிறது. ஆகவே இது எங்கோ நடக்கிற கதை இல்லை.

சட்டமும் இந்தப் பைகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பதினான்கைத் தடை செய்தபோது, தரச் சான்று பெற்ற உரமாகும் பைகளுக்கு விலக்கு கொடுத்தது. நாடு முழுதும் 2022 ஜூலை 1 முதல் வந்த தடையிலும் அதே போக்குதான். சான்று எதற்கு என்று பார்த்தால் விஷயம் புரியும். ஐஎஸ்ஓ 17088 என்ற தரம் கேட்பது இது: 58 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்த உரக்குவியலில், 180 நாளுக்குள் பொருளில் உள்ள கார்பனில் 90 சதவீதம் கரியமிலவாயுவாக மாற வேண்டும். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. உரத் தொழிற்சாலைக்கு இது நல்ல தரம், கடுமையான தரமும்கூட. ஆனால் பழவேற்காடு ஏரி கத்திரி வெயிலிலும் 58 டிகிரியைத் தொடாது. தொட்டால் மீன் முழுக்க வெந்துவிடும்.

வெளியே போட்டால் என்ன ஆகும் என்று பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜன் நேப்பரும் ரிச்சர்டு தாம்சனும் மூன்று வருடம் பார்த்து 2019-இல் எழுதினார்கள். மண்ணில் புதைத்தார்கள், கடலில் அமிழ்த்தினார்கள், காற்றில் தொங்கவிட்டார்கள். ‘உரமாகும்’ என்று சான்று பெற்ற பை கடலில் மூன்று மாதத்துக்குள் கண்ணில் படாமல் போனது. அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது, பாரம் தாங்கவில்லை அவ்வளவுதான். வெறுமனே ‘மக்கும்’ என்று அச்சிட்டிருந்த இன்னொரு பையோ மூன்று வருடம் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் மளிகைச் சாமானைத் தூக்கியது. ஒரே பொருள் ஓரிடத்தில் நல்லவன், இன்னோரிடத்தில் வேறு ஆள். இங்கே நான் சொல்ல வருவது இதைத்தான்: எதிலிருந்து செய்தார்கள் என்று பைமீது அச்சிடுவதைவிட, எந்த இடத்தில் எத்தனை நாளில் போகும் என்று அச்சிட வைப்பதே அரசின் வேலை. பழவேற்காட்டில் விற்கப்போகிற பையை உப்பும் நன்னீருமாக மாறிமாறி வரும் பழவேற்காட்டுச் சேற்றில் வைத்துச் சோதிப்பதில் என்ன கஷ்டம்? 1968-இல் தொடங்கிய சிப்பெட் என்ற மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அங்கிருந்து இந்த ஏரி அப்படியொன்றும் தொலைவில் இல்லை.

சந்தையில் போலிகளும் நிறைய. கடையில் ஒரு பையின்மேல் அயோடின் சொட்டு விட்டு, கருநீலமானால் ஸ்டார்ச் பை என்று நம்புகிற வழக்கம் உண்டு. அந்தச் சோதனையில் கிரிஃபினின் பாலிஎத்திலீன் பையும் தேறிவிடும். அயோடின் ஸ்டார்ச் இருப்பதைச் சொல்லும், கூட என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. டைகுளோரோமீத்தேனில் போட்டால் பிபிஏடி கரைந்துவிடும், பாலிஎத்திலீன் கரையாது. சோதனைக்குப் போகிற அதிகாரி கையில் இருக்க வேண்டியது இந்த இரண்டாவது புட்டி.

ஏரிக்கரையிலேயே இன்னொரு பாலிமர் குவிந்து கிடக்கிறது: இறால் ஓடும் நண்டு ஓடும். அதில் உள்ள கைட்டினைப் பக்குவப்படுத்தினால் கைட்டோசான். ஸ்டார்ச் கரைசலோடு கைட்டோசானைக் கலந்து ஊற்றிய படலம் வெறும் ஸ்டார்ச்சைவிட உறுதியானது, ஈரத்துக்குச் சற்று ஈடுகொடுக்கும், நுண்ணுயிரையும் கொஞ்சம் தடுக்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் முறையைப் பல காலம் முன்பே உருவாக்கிக் கொடுத்துவிட்டது. சேலத்துக் கிழங்கும் பழவேற்காட்டு ஓடும் சேர்ந்த ஒரு பை என்பது கேட்க அழகான கற்பனை. ஆனால் ஓட்டிலிருந்து சுண்ணாம்பை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தை நீக்கக் காரமும் வேண்டும். அந்தக் கழிவுநீர் எங்கே போகும்? ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் சேலம் பக்கத்து ஓடைகளையும் கிணறுகளையும் என்ன பாடு படுத்தியது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஏரியின் தென்முனையில் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும், அதற்கும் தெற்கே மணலியின் பெட்ரோ ரசாயன ஆலைகளும் ஏற்கெனவே நிற்கின்றன. பசுமைப் பொருள் என்ற பெயரில் இன்னொரு கழிவுக்குழாய் இங்கே வரக் கூடாது. ஓட்டை உலர்த்திச் சேகரிப்பது கரையில் நடக்கட்டும். அமில வேலை சுத்திகரிப்பு வசதியுள்ள இடத்தில் நடக்கட்டும். உலர்த்தும் கூலி இங்குள்ள பெண்கள் கைக்கு வர வேண்டும் என்பது தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று, ஏனென்றால் இப்படிப்பட்ட திட்டங்களில் அதுதான் முதலில் காணாமல் போகும்.

கடலிலும் மக்குகிற பிளாஸ்டிக் இல்லாமலில்லை. பிரான்ஸின் பாஸ்டர் நிலையத்தில் மொரீஸ் லெமுவான் 1926-இலேயே பாக்டீரியாவின் உடலுக்குள் பிஹெச்பி என்ற பாலியெஸ்டரைக் கண்டார். பாக்டீரியா சேமித்து வைக்கும் கொழுப்பு மாதிரி அது; ஆகவே மற்ற பாக்டீரியாவுக்கு அது உணவு. நூறு வருடமாகியும் அது விலை இறங்கவில்லை. இன்று உலகில் ஆண்டுக்கு 40 கோடி டன் அளவில் பிளாஸ்டிக் உற்பத்தியாகும்போது, உயிர்சார் பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்தும் ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை.

அந்த ஒரு சதவீதத்தை எதற்குச் செலவழிப்பது என்பதில் தெளிவு வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோகக்கூடிய பைக்கு அதைச் செலவழிப்பது வீண். அதற்கு 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ போதும், தோணிரேவின் ஓலைக் கூடையும் போதும். ஓலைக் கூடையை அலங்காரப் பொருளாகச் சுற்றுலாப் பயணிக்கு விற்பதோடு நிறுத்திவிடாமல், அரசின் மீன் அங்காடிகளே வாங்கிப் புழங்கினால் பின்னுகிறவர்களுக்கு வருடம் முழுதும் வேலை இருக்கும். மக்கும் பிளாஸ்டிக் தேவைப்படுவது, எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் திரும்பக் கைக்கு வராத பொருட்களுக்கு. ஏரியில் அப்படிப்பட்ட முதல் பொருள் அறுந்துபோன வலை. சேற்றில் சிக்கிய தங்கூசித் துண்டு, போட்டவர் மறந்த பிறகும் நண்டையும் மீனையும் பிடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆளில்லாமல் அவை அங்கேயே செத்து அழுகும்.

தென்கொரியா 2007 முதல் பிபிஎஸ் என்ற மக்கும் பாலியெஸ்டரை அடிப்படையாக வைத்த செவுள்வலைகளை மீனவர்களுக்கு மானியத்தோடு கொடுத்து வந்தது. கடலில் சில வருடத்தில் அவை சிதையத் தொடங்கும். நார்வேயிலும் இப்படிப்பட்ட வலைகளைப் போட்டுப் பார்த்தார்கள். நைலானைவிடக் காட் மீன் பாடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. நூல் சற்று விறைப்பு, பலமும் குறைவு. பழவேற்காட்டில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பங்கிடும் பாடு முறை தலைமுறைகளாக இருக்கிறது. அதற்குள் வராதவர்களின் மனக்குறையும் அதே அளவு பழையது. இங்கே ஒருவர் மட்டும் மக்கும் வலைக்கு மாறினால் அவருடைய முறை நாளின் இறால் அடுத்தவர் வலைக்குப் போகும். எல்லாக் குப்பமும் சேர்ந்து மாறினால்தான் கணக்கு சரியாக வரும். அந்த ஐந்தில் ஒரு பங்கு நஷ்டத்தை எத்தனை வருடத்துக்கு, எந்தத் துறை, எந்தக் கணக்குத் தலைப்பில் ஈடுகட்டும் என்று மீன்வளத் துறை எழுதிக்கொண்டு வந்தால், ஊர்க்கூட்டங்களில் பேச்சைத் தொடங்கலாம். வலை விற்கும் நிறுவனங்களிடமிருந்து உற்பத்தியாளர் பொறுப்பு என்ற அடிப்படையில் ஒரு பங்கை வசூலிப்பதும் அதே கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம்.